பிள்ளைகளோடு வெளியே போகும்போது: கடலூர், புதுச்சேரிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். திருப்பாதிரிப்புலியூரில் வீடு. ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் எட்டுப் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். பெரும்பாலும் தேவனாம்பட்டினம் கடற்கரை (சில்வர் பீச்), இல்லையென்றால் கெடிலம் ஆற்றங்கரை. வருடத்தில் ஒன்றிரண்டு முறை பிச்சாவரம் அலையாத்திக் காடு, புதுச்சேரிப் பக்கத்து ஊசுட்டேரி. அவர்களுடைய அப்பா அம்மாக்களும், விஷயம் கேள்விப்பட்டுப் புதுச்சேரியிலிருந்து பேசுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீடு அடுக்குமாடியில். தோட்டமே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு கறிவேப்பிலைத் தொட்டி போதும். எலுமிச்சையோ நாரத்தையோ கிடைத்தால் இன்னும் நல்லது. கொஞ்சம் வெயில் பட வேண்டும், மருந்து மட்டும் அடிக்கவே கூடாது. மற்றதைப் பட்டாம்பூச்சி பார்த்துக்கொள்ளும்.

கறுப்பும் வெளிர்மஞ்சளுமாக ஒரு பட்டாம்பூச்சி செடியைச் சுற்றிச் சுற்றி வந்து, கொழுந்தில் ஒரு நொடி உட்கார்ந்து, வயிற்றை வளைத்துவிட்டுப் போனால் உடனே அந்த இலையைப் பாருங்கள். கடுகளவில் உருண்டையாக ஒரு முட்டை ஒட்டியிருக்கும். மூன்று நான்கு நாளில் பொரியும். வெளியே வருகிற புழு பழுப்பில் வெள்ளைத் திட்டுகளோடு, பார்க்கப் பறவை எச்சம் மாதிரியே இருக்கும். எச்சம் என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்துவிட்ட அம்மாக்கள் உண்டு. எச்சத்தை எந்தக் குருவியும் கொத்தாது என்பதால்தான் அதற்கு அந்த வேஷம்.

பல தடவை தோல் உரித்து, கடைசியில் இலைப்பச்சையாக, சுண்டுவிரல் அளவுக்குத் தடித்து நிற்கும். அப்போது ஒரு ஈர்க்குச்சியால் தலைக்குப் பின்னால் மெல்லத் தொடச் சொல்லுங்கள். ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பு விசுக்கென்று வெளியே நீளும், கூடவே ஒரு நெடி அடிக்கும். எறும்பை விரட்ட அதற்கு இருக்கும் ஒரே ஆயுதம் அது. ஒரு தடவை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் சீண்ட விடாதீர்கள்.

இரண்டு வாரம் போல இலையைத் தின்று தீர்த்தபின் ஒரு நாள் சாப்பிடுவதை நிறுத்திவிடும். ஒரு குச்சியில் ஏறி, இடுப்பைச் சுற்றி ஒரு நூலைக் கட்டிக்கொண்டு, கரண்ட் கம்பத்தில் பெல்ட் போட்டுச் சாய்ந்து நிற்கும் லைன்மேன் மாதிரி நிற்கும். மறுநாள் பார்த்தால் கூட்டுப்புழு. பச்சைத் தண்டில் இருந்தால் பெரும்பாலும் பச்சையாகவும் காய்ந்த குச்சியில் இருந்தால் பழுப்பாகவும் இருக்கும். ஒன்றரை வாரத்துக்கு முன்பின் பொறுத்திருந்தால், ஒரு விடிகாலையில் கூட்டுக்குள் இறக்கையின் கறுப்பு தெரிய ஆரம்பிக்கும்.

போன பங்குனியில் எங்கள் எதிர்வீட்டு ஐந்தாம் வகுப்புப் பெண் ஆறு மணியிலிருந்து தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஏழே காலுக்குக் கூடு வெடித்தது. கசங்கிய துணி மாதிரி ஈரமாக ஒன்று வெளியே வந்து தொங்கியது. அதே நேரத்தில் கீழே பள்ளி வேன் ஹாரன். அவள் அம்மா மாடியிலிருந்து, "அண்ணே, அஞ்சு நிமிஷம் நில்லுங்கண்ணே, பூச்சி பொறக்குது" என்று கத்தினார். வேன் நின்றது. டிரைவரும் மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார். இறக்கை விரிந்து காய்ந்து பறக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம். ஆனாலும் எனக்குத் தெரிந்து அந்த அம்மா அன்று செய்ததை விடப் பெரிதாக யாரும் எதுவும் செய்துவிட முடியாது.

ஒன்று சொல்லி வைக்கிறேன். சில கூடுகளிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதிலாகச் சின்னக் குளவி வரும். முன்னமே புழுவுக்குள் தாய்க்குளவி முட்டை வைத்திருக்கும். ஒரு பையன் இதைப் பார்த்து ஓவென்று அழுதுவிட்டான். அவனுக்கு ஆறுதல் சொன்னேனே தவிர, பொய் சொல்லவில்லை.

புழுவைப் பார்த்தால் எனக்கே உடம்பு கூசுகிறது. நான் எப்படிக் காட்டுவது?

கூசினால் கூசட்டும், அதை மறைக்க வேண்டாம். "எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு, நீ பார்த்துட்டு என்ன பண்ணுதுன்னு சொல்லு" என்றால் பிள்ளைக்குப் பெருமை தாங்காது. "சீ, கையை எடு!" என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த ஒரு சொல் நாலு வருஷத்துக்கு நிற்கும்.

எந்த வயதில் தொடங்கலாம்?

நடக்கத் தெரிந்தால் போதும். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு குடம் தண்ணீரும் கொஞ்சம் மணலுமே ஒரு காலைப் பொழுதுக்குக் காணும்.

என்னென்ன வாங்க வேண்டும்?

ஸ்டேஷனரி கடையில் விற்கும் சாதாரண பூதக்கண்ணாடி ஒன்று, கோடு போடாத நோட்டு, பென்சில், மூடியில் ஓட்டை போட்ட பழைய ஊறுகாய் பாட்டில், தொப்பி, தண்ணீர். பைனாகுலர் வேண்டாம் என்பேன். சின்னப் பிள்ளைக்கு அதில் கண்ணை வைத்துப் பறவையைப் பிடிக்க வராது, எரிச்சல்தான் மிஞ்சும். பத்து வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

பீச்சுக்குப் போனால் தண்ணீரில் ஆடுவதைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சில்வர் பீச் பார்க்க அமைதியாக இருந்தாலும் இழுவை உண்டு. ஆறு கடலில் கலக்கிற முகத்துவாரப் பக்கம் இன்னும் மோசம். என்னோடு வரும் பிள்ளைகளுக்கு ஒரே சட்டம்: அலை கணுக்காலை நனைக்கலாம், முழங்கால் நனையக் கூடாது. நாலு பிள்ளைக்கு ஒரு பெரியவர் கட்டாயம். வந்தால் போதாது, அவர் போனைப் பார்க்காமல் நிற்க வேண்டும்.

சரி, அந்தக் கணுக்கால் தண்ணீரிலேயே வேடிக்கைக்குப் பஞ்சமில்லை. அலை பின்வாங்கும்போது ஈர மணலை உற்றுப் பாருங்கள். விரல் நகம் அளவுச் சிப்பிகள் வெளியே கிடந்து, அடுத்த அலை வருவதற்குள் செங்குத்தாக நின்று மண்ணுக்குள் இறங்கிவிடும். இரண்டு கையாலும் மணலை அள்ளினால் முட்டை வடிவில், சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன நண்டு உள்ளங்கையில் கிச்சுக்கிச்சு மூட்டும். கடிக்காது. அதற்குக் கிள்ளுகிற கொடுக்கே கிடையாது. முன்னால் ஓடத் தெரியாது, பின்னாலேயே போய்ப் புதைந்துகொள்ளும். ஒரு டப்பாவில் ஈர மணலும் கடல்நீரும் வைத்து அதை விட்டுப் பாருங்கள், எத்தனை எண்ணுவதற்குள் மறைகிறது என்று. அப்புறம் எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

கொஞ்சம் மேலே, காய்ந்த மணலில் பேய்நண்டின் வளை இருக்கும். பக்கத்தில் அது தோண்டிக் கொட்டிய மணல் விசிறி மாதிரி பரவிக் கிடக்கும். அங்கே போட்டி என்னவென்றால், யார் அசையாமல் உட்காருவது. ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காது. பிள்ளைகள் நெளிவார்கள். ஏழாவது, எட்டாவது நிமிடத்தில் இரண்டு கண் மட்டும் குச்சி மேல் வைத்த மாதிரி மேலே வரும். யாராவது மூச்சை இழுத்தால்கூட உள்ளே போய்விடும். பள்ளியில் ஒரு நிமிடம் உட்கார மாட்டான் என்று புகார் வருகிற பையன் ஒருவன் இதில் இருபது நிமிடம் உட்கார்ந்தான். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மணல் மேட்டில் ஊதாப் பூவோடு படர்ந்திருப்பது அடம்பங்கொடி. இலை ஆட்டுக் குளம்பு மாதிரி பிளந்திருக்கும். சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்துக்கு வரும் அடும்பு இதுதான். பக்கத்திலேயே முள் பந்து மாதிரி காய்ந்து காற்றில் உருண்டு ஓடுவது ராவணன் மீசை. அந்தப் பந்தை விட்டுத் துரத்தச் சொல்லுங்கள். விதை இப்படித்தான் ஊர் மாறுகிறது என்று விளக்கவே தேவையில்லை, ஓடி இளைத்தவர்களுக்கே புரிந்துவிடும். இந்த இரண்டும்தான் மணலைப் பிடித்து வைக்கின்றன. வேரோடு பிடுங்க விடாதீர்கள்.

வெள்ளையாக, லேசாக, ஓடம் மாதிரி ஒதுங்கிக் கிடப்பதைக் கடல்நுரை என்பார்கள். அது நுரை இல்லை, கணவாயின் உள்ளோடு. மணலில் கறுப்புக் கோடு தெரிகிற இடத்தில் ஒரு காந்தத்தை பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு இழுத்தால் இரும்புச் சத்துள்ள கறுப்பு மணல் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். கவருக்குள் போடாவிட்டால் காந்தத்திலிருந்து எடுக்கவே முடியாது.

தொடக் கூடாதவை: ஒதுங்கிய சொறி மீன் (ஜெல்லி மீன்), செத்தது போலிருந்தாலும் கொட்டும். வலையோரம் கிடக்கும் கடல் பாம்பு, விஷமுள்ளது. உயிரோடு இருக்கும் கூம்பு வடிவச் சங்கு. மீனவர்களைக் கேட்டால் எது ஆபத்து என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். வலை பிரிக்கிற இடத்தில் ஓரமாக நின்று கேட்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். என்னுடைய பாதி அறிவு அங்கே கிடைத்ததுதான்.

கடலாமை பார்க்க முடியுமா?

தை, மாசி, பங்குனியில் பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் இரவில் முட்டையிட வரும். வனத்துறையும் தன்னார்வலர்களும் முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு எடுத்துப்போய்ப் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். அதைப் பார்க்க விரும்பினால் வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். தனியாக டார்ச் அடித்துக்கொண்டு தேடிப் போக வேண்டாம். குஞ்சுகள் வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று நம்பி ஓடும், நம் செல்போன் வெளிச்சம் அவற்றை ரோட்டுக்கு இழுத்துவிடும். முட்டையை எடுப்பது சட்டப்படி குற்றம்.

பாம்பு, தேள் பயம் இருக்கிறதே?

பயம் நியாயமானதுதான். புதருக்குள்ளும் கல் இடுக்கிலும் கை விடக் கூடாது, கல்லைப் புரட்டினால் குச்சியால் தன் பக்கம் இழுத்துப் புரட்ட வேண்டும், மூடிய செருப்பு போட வேண்டும். இருட்டும் முன் திரும்பிவிடுங்கள். ஒருவேளை கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த ஆறு வருடத்தில் எங்களுக்கு நேர்ந்தது கட்டெறும்புக் கடியும் ஒரு குளவிக் கொட்டும்தான்.

எனக்கே மரம், பறவை பேர் தெரியாது. பிள்ளை கேட்டால் முழிக்க வேண்டுமே?

"தெரியாது, வா பார்க்கலாம்" என்பது நல்ல பதில். பேரைச் சொன்னதும் பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிடுவதை நான் கவனித்திருக்கிறேன். "அது மீன்கொத்தி" என்றால் "ஓ" என்று நகர்ந்துவிடும். "அது ஏன் தலையை ஆட்டிக்கிட்டே இருக்கு?" என்று கேட்டால் கால் மணி நேரம் நிற்கும். எங்கள் பிள்ளைகள் முதலில் தாங்களே பேர் வைப்பார்கள். கெடிலத்தில் கறுப்பாக இறக்கையை விரித்துக் காயப்போட்டு நிற்கும் நீர்க்காகத்துக்கு அவர்கள் வைத்த பேர் "கொடித்துணி". உண்மையான பேர் பிறகு வந்து சேரும், மறக்கவும் மறக்காது.

பேரில் ஆசை உள்ள பிள்ளைக்கு ஊர்ப் பேரிலிருந்து தொடங்கலாம். நம் பக்கத்து ஊர்கள் பாதி மரத்தின் பேரில் இருக்கின்றன. திருப்பாதிரிப்புலியூரில் பாதிரி இருக்கிறது. அது பாடலீஸ்வரர் கோயிலின் தல மரம். சிதம்பரத்துக்குத் தில்லை. நெல்லிக்குப்பம், வேப்பூர், புதுச்சேரிப் பக்கம் முருங்கப்பாக்கம். அந்தந்த மரத்தைத் தேடிப் போய் இலையை நோட்டில் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னும் சுலபம். அணிலும் குயிலும் நாகலிங்கப் பூவும்தான் அவர்களுடைய மாநில விலங்கு, பறவை, மலர். 1826-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா ஊருக்குள்ளேயே இருக்கிறது.

பொன்வண்டு, தட்டான் எல்லாம் பிடிக்கலாமா?

பிடிக்கலாம், திரும்ப விட வேண்டும். நாமெல்லாம் பொன்வண்டைத் தீப்பெட்டியில் வளர்த்தவர்கள்தான். உள்ளங்கையில் அது ஊர்ந்த கூச்சம் இன்னும் நினைவிருக்கிறதே, அதைப் பிள்ளைக்கு மறுக்கக் கூடாது. பாட்டிலில் பத்து நிமிடம், பார்த்து வரைந்துவிட்டு அதே செடியில் விட்டுவிடலாம். தட்டான் வாலில் நூல் கட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அது வால் இல்லை, வயிறு. இதைச் சொன்ன மாத்திரத்தில் பிள்ளைகள் நூலைக் கீழே போட்டுவிடுவார்கள்.

பூவரசு இலையில் பீப்பி, ஓலைக் காத்தாடி, நுங்கு வண்டி எல்லாம் செய்யச் சொல்லுங்கள். காட்டாமணக்குப் பாலில் குமிழி ஊதும் விளையாட்டு அழகுதான், ஆனால் அந்தப் பால் வாயிலும் கண்ணிலும் படக் கூடாது. பெரிய பிள்ளைகளுக்கு மட்டும், பக்கத்தில் நின்று.

மே மாத வெயிலில் என்ன செய்வது?

காலை எட்டுக்குள் முடித்துவிடுங்கள். வெளியே போகவே வேண்டாம் என்றால் கோயில் மண்டபம், திண்ணையோரம், மழை படாத புழுதி இருக்கும் இடத்தைப் பாருங்கள். புனல் மாதிரி சின்னச் சின்னக் குழிகள் இருந்தால் அடியில் குழிநரி என்ற பூச்சி இருக்கிறது. ஓர் எறும்பு விளிம்பில் கால் வைத்தால் மணல் சரியும், எறும்பு ஏற ஏறக் குழிநரி கீழிருந்து மணலை வீசி அடிக்கும். ஏன் சரிகிறது என்று கேட்டால், காய்ந்த மணலைக் கையால் குவித்துக் காட்டுங்கள். எவ்வளவு கொட்டினாலும் ஒரே சாய்வுக்கு மேல் நிற்காது. குழிநரி அந்தச் சாய்வில்தான் குழி தோண்டுகிறது. வளர்ந்த பிறகு தட்டான் மாதிரி இறக்கையோடு பறந்துவிடும் என்பதை எந்தப் பிள்ளையும் முதலில் நம்புவதில்லை.

மழைக்காலம் முழுக்க வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகைதான் நமக்குப் பெரிய மழை. அதை அளக்கச் சொல்லுங்கள். பக்கம் நேராக உள்ள பெட் பாட்டிலின் மேல் பாகத்தை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக வையுங்கள். அடியில் மேடுபள்ளம் இருப்பதால் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி அங்கே பூஜ்யம் என்று கோடு. அதற்கு மேல் ஸ்கேலை ஒட்டிவிட்டால் மழைமானி தயார். மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வைக்க வேண்டும். தினமும் காலை எட்டரைக்குப் பார்த்து எழுதலாம். வானிலைத் துறையும் எட்டரைக்குத்தான் கணக்கெடுக்கிறது, அதனால் செய்தியில் கடலூருக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லும்போது ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். மொட்டை மாடியை அளந்து, ஒரு நாள் மழையில் எத்தனை குடம் தண்ணீர் ஓடிப்போனது என்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கணக்குப் போட்டான். அந்த வீட்டில் இப்போது மழைநீர்த் தொட்டி ஒழுங்காக வேலை செய்கிறது. புயல் எச்சரிக்கை இருந்தால் பாட்டிலை உள்ளே எடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். 2011 டிசம்பரில் தானே புயல் என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

பிச்சாவரம், ஊசுட்டேரி, திருவக்கரை: எங்கே முதலில் கூட்டிப் போகலாம்?

உங்கள் தெரு மரத்துக்கு முதலில். உண்மையாகத்தான் சொல்கிறேன். வருடத்துக்கு ஒரு முறை பார்க்கிற பெரிய இடத்தை விட, வாரா வாரம் பார்க்கிற ஒரு மரம் பிள்ளைக்கு அதிகம் சொல்லிக்கொடுக்கும். ஒரு வேம்பைப் பிடித்துக்கொண்டு, கொழுந்து விட்டதா, பூத்ததா, பழுத்ததா என்று எழுதி வரலாம். சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் நாடு முழுக்க இப்படி எழுதுகிறார்கள், பிள்ளையும் சேரலாம்.

அதற்கு அப்புறம் பிச்சாவரம். வெண்கண்டல் மரத்தின் மூச்சு வேர் சேற்றிலிருந்து பென்சில் மாதிரி நிற்பதையும், சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைவிட்டு முருங்கைக்காய் போலத் தொங்குவதையும் பார்க்கட்டும். படகுக்காரரைக் கேட்காமல் எந்த இலையையும் கிள்ள வேண்டாம். தில்லை மரத்துப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பறவை பார்க்க ஊசுட்டேரிக்குக் கார்த்திகையிலிருந்து மாசிக்குள், காலையில். திருவக்கரையில் 2 கோடி ஆண்டுப் பழைய மரம் கல்லாகிக் கிடக்கிறது. பட்டை மாதிரியே தெரியும், கையை வைத்தால் கல். எடுத்து வரக் கூடாது, பார்த்துத் தடவிவிட்டு வரலாம்.

படிப்பு கெட்டுவிடாதா?

ஞாயிறு காலை இரண்டு மணி நேரத்தில் எந்தப் படிப்பும் கெடாது. மார்க் கூடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். மார்க்குக்காக இதைச் செய்தால் பிள்ளை கண்டுபிடித்துவிடும், அடுத்த வாரமே வர மாட்டான்.

போனைக் கையிலிருந்து வாங்கவே முடியவில்லை.

பிடுங்க வேண்டாம், வேலை கொடுங்கள். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு, புதுச்சேரி முழுக்கப் பறவைகளை எண்ணும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015-லிருந்து நடக்கிறது. கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று பார்த்ததை எண்ணி, இ-பேர்ட் என்ற செயலியில் ஏற்றினால் போதும். மொட்டை மாடியில் காக்காவும் மைனாவும் மட்டும் வந்தாலும் அது கணக்குத்தான். எங்கள் பிள்ளைகள் மாட்டுப் பொங்கலன்று கரும்பைக் கடித்துக்கொண்டே எண்ணுவார்கள்.

வருடத்துக்கு ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது. எதைச் செய்யட்டும்?

பனங்கொட்டை. ஆவணி, புரட்டாசியில் மரத்தடியில் பனம்பழம் விழும். பொறுக்கி வந்து, சுட்டோ வேக வைத்தோ நாலு பழத்தைச் சாப்பிடட்டும், மற்ற பழங்களின் கொட்டையைப் பச்சையாகவே எடுத்து வையுங்கள். ஒரு மூலையில் மண்ணை மேடாகக் குவித்து, கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி மூடிவிட்டால் மழையே தண்ணீர் ஊற்றும். தோட்டம் இல்லாதவர்கள் மண் நிரப்பிய உயரமான சாக்கில் செய்யலாம். இடையில் ஒரு கொட்டையைத் தோண்டிப் பிளந்து பாருங்கள், உள்ளே வெள்ளையாகப் பஞ்சு மாதிரி தவுண் இனிக்கும். மீதியைப் பொங்கலுக்குத் தோண்டினால் பனங்கிழங்கு. பாதியைக் கிழங்காக விட்டு, மீதிக் கொட்டைகளை ஏரிக்கரையிலோ ஊருணி ஓரத்திலோ ஊன்றிவிடச் சொல்கிறேன்.

போன வருடம் கெடிலம் கரையில் ஊன்றியதில் இருபத்தொன்று முளைத்து நிற்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஓலை. எது யாருடையது என்று அவர்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை. இந்த ஆவணியில் சேர விரும்புகிறவர்கள் பிள்ளையோடு ஒரு பழைய சாக்கும் கொண்டு வாருங்கள்.